பூந்தொட்டியில் மாவுப்பூச்சி: வயல் மருந்து வீட்டுக்குள் வேண்டாம்

(வானொலியில் ஒலிபரப்பான வேளாண்மை உரை)



நெல், கரும்பு, மஞ்சள், வாழை என்று பேசுகிற இந்த நேரத்தில், இன்றைக்குத் திண்ணையிலும் ஜன்னல் ஓரத்திலும் நாம் வளர்க்கிற பூந்தொட்டிச் செடிகளைப் பற்றிச் சொல்லப் போகிறேன். "தோட்டத்துல தலைக்கு மேல வேலை கிடக்கு, இவர் பூந்தொட்டிக்கு வந்துட்டாரே" என்று சிலர் நினைக்கலாம். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, தொட்டிச் செடியில் பூச்சி வந்தால் நம்மில் பலர் வயலுக்கு வாங்கிய விஷ மருந்தையே எடுத்து வீட்டுக்குள் தெளித்து விடுகிறோம். இரண்டாவது, தொட்டியில் இருக்கிற பூச்சி தொட்டியோடு நின்று விடுவதில்லை. அது வாசலைத் தாண்டி வயலுக்கும் போகிறது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக் கொண்டு மேலே கேளுங்கள்.

இன்றைக்குக் கிராமங்களில்கூடத் தொட்டிச் செடி இல்லாத வீடு குறைவு. கான்கிரீட் வீடு கட்டினவர்கள் வரவேற்பறையில் மணிபிளாண்ட் வைக்கிறார்கள். வாசற்படிக்கு இரண்டு பக்கமும் குரோட்டன்ஸ், திண்ணையில் ரோஜா, செம்பருத்தி, மாடத்தில் துளசி, சமையலறை ஜன்னலில் கற்பூரவள்ளி, பின்கட்டில் தொட்டியிலேயே ஒரு கறிவேப்பிலை. இவற்றில் பெரும்பாலும் தொல்லை கொடுப்பது மாவுப்பூச்சிதான். ஆகவே அதைப் பற்றி விரிவாகவும், மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாகவும் சொல்கிறேன்.

மாவுப்பூச்சி என்றால் என்ன?

இலைக்காம்பு தண்டோடு சேருகிற இடுக்கிலும், இலையின் அடிப்பக்க நரம்பு ஓரத்திலும், கொழுந்திலும் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியது மாதிரி இருக்கும். அதைப் பூசணம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. பூசணம் இல்லை, பூச்சி. ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள். உள்ளே மெத்தென்ற சின்னப் பூச்சிகள் நகரும். உடம்பின் மேல் மெழுகு மாதிரி ஒரு வெள்ளைத் தூள் இருப்பதால்தான் இதற்கு மாவுப்பூச்சி என்று பெயர். இது ஊசி போன்ற வாயைத் தண்டுக்குள் குத்திச் சாற்றை உறிஞ்சுகிறது. கொழுந்து சுருண்டு போகும், மொட்டு விரியாமல் உதிரும், இலை மஞ்சளாகும்.

பெண் பூச்சிக்கு இறக்கை கிடையாது. தன் உடம்புக்குப் பின்னால் பஞ்சுப் பை ஒன்றைக் கட்டி அதற்குள்ளே முட்டை இடுகிறது. பப்பாளி மாவுப்பூச்சியை எடுத்துக் கொண்டால் ஒரு பெண் பூச்சி 100 முதல் 600 முட்டை வரை இடும். ஏறக்குறைய 10 நாளில் குஞ்சு பொரிக்கும். அந்தக் குஞ்சுகள் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு சின்னவை. அவைதான் ஊர்ந்து போய் அடுத்த கிளைக்கும் அடுத்த தொட்டிக்கும் பரவுகின்றன. காற்றிலும் போகும், நம் துணியில் ஒட்டியும் போகும், எறும்பு தூக்கிக் கொண்டும் போகும்.

இந்த முட்டைப் பையை நீங்கள் மறக்கவே கூடாது. மேலே இருக்கிற மெழுகுத் தூளும் பஞ்சும் தண்ணீரை ஒட்ட விடாது. எந்த மருந்தை அடித்தாலும் மேலாக வழிந்து ஓடி விடும். பெரிய பூச்சி செத்தாலும் பைக்குள் முட்டை பிழைத்திருக்கும். "அடிச்சேன், போச்சு, பத்து நாள்ல திரும்ப வந்துடுச்சு" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். மருந்துக்கு வீரியம் போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டுவது வீண் வேலை.

2008-ம் ஆண்டு நடந்தது

தொட்டியில் இருப்பது வயலுக்குப் போகும் என்று சொன்னேன். கொங்கு நாட்டு விவசாயிகளுக்கு இது அனுபவப் பாடம். பப்பாளி மாவுப்பூச்சி நம் நாட்டுப் பூச்சி இல்லை. மெக்சிகோ பக்கத்திலிருந்து பல நாடுகளுக்குப் பரவி, 2008-ம் ஆண்டு ஜூலையில் கோயமுத்தூரில் பப்பாளியில் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு பப்பாளியோடு நிற்கவில்லை. மல்பெரி, மரவள்ளி, பருத்தி, கத்தரி, கொய்யா என்று ஏறியது. 60-க்கும் மேற்பட்ட செடி வகைகளில் இது வாழும். அதில் வீட்டு வாசல் செம்பருத்தியும் ஒன்று, பாதையோரப் பார்த்தீனியமும் ஒன்று. பட்டுப்புழு வளர்த்தவர்களுக்கு இலை இல்லாமல் போயிற்று. பப்பாளியையும் மல்பெரியையும் வேரோடு பிடுங்கிப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

அப்போது மருந்து அடிக்காமல் யாரும் சும்மா இருக்கவில்லை. மாற்றி மாற்றி அடித்தார்கள். வயலில் அடித்தால் வேலியில் இருக்கிறது, வேலியில் அடித்தால் வீட்டுச் செம்பருத்தியில் இருக்கிறது. அங்கேயிருந்து திரும்ப வந்தது. கடைசியில் அடக்கியது எது தெரியுமா? ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத ஒரு குளவி. அசிரோபேகஸ் பப்பாயே என்று அதற்குப் பெயர். பெங்களூரில் உள்ள மத்திய அரசின் வேளாண் பூச்சி ஆராய்ச்சி நிலையம் 2010-ல் அதைப் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வரவழைத்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து அதைப் பெருக்கி, அந்த ஆண்டே வயல்களில் விட்டார்கள். அது மாவுப்பூச்சியின் குஞ்சுக்குள் முட்டை வைக்கும். குளவிப் புழு உள்ளேயிருந்து தின்று வளர்ந்து, ஓட்டைப் போட்டுக் கொண்டு வெளியே வரும். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கிப் போனது. அந்தக் குளவி இன்றைக்கும் நம் தோட்டங்களில் இருக்கிறது. விஷ மருந்து அடித்தால் முதலில் சாகிறது அதுதான்.

வீட்டுக்குள் ஏன் அதிகமாகிறது?

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். வெளியே மரத்தடியில் இருக்கிற செம்பருத்தியில் நாலு பூச்சி இருந்தால், திண்ணைக்கு உள்ளே இருக்கிற செம்பருத்தியில் நானூறு இருக்கிறதே, ஏன்? வெளிச் செடியை மழை கழுவுகிறது, காற்று உலுக்குகிறது, பொறிவண்டும் குளவியும் தேடி வந்து தின்கின்றன. உள்ளே இருக்கிற செடிக்கு மழை இல்லை, காற்று இல்லை, தின்ன வருகிற பூச்சியும் இல்லை. இலை மேல் தூசி படிகிறது. பூச்சிக்கு இது எதிரியே இல்லாத கோட்டை மாதிரி.

வைத்தியமும் இதற்குள்ளேயே இருக்கிறது. மழை செய்கிற வேலையைத் தண்ணீரால் நாம் செய்ய வேண்டும். பொறிவண்டு செய்கிற வேலையை நம் கை செய்ய வேண்டும். ஒரு தொட்டி, இரண்டு தொட்டி, மிஞ்சினால் பத்துத் தொட்டி. ஒரு ஏக்கர் பருத்தியில் முடியாத வேலை, ஒரு தொட்டியில் கால் மணி நேரத்தில் முடியும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, பூச்சி பிடித்த தொட்டியை மற்றத் தொட்டிகளிலிருந்து பிரித்துத் தள்ளி வையுங்கள். இலைகள் ஒன்றோடொன்று உரசினால் குஞ்சுகளுக்கு அதுவே பாலம். பிரித்த பிறகு மற்றத் தொட்டிகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

இரண்டாவது, பூச்சி அப்பிக் கிடக்கிற கொழுந்தையும் கிளையையும் கத்தரித்து எடுங்கள். செம்பருத்தி, குரோட்டன்ஸ் போன்றவை மறுபடி நன்றாகத் துளிர்க்கும், மனசு வருத்தப்பட வேண்டாம். கத்தரித்ததை நேராக ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வாயைக் கட்டுங்கள். வாய் கட்டிய பையை இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் வைத்துவிட்டு, உள்ளே இருப்பதை ஒரு அடி ஆழத்தில் புதைத்து விடலாம். குப்பைமேட்டிலோ, வாய்க்கால் ஓரத்திலோ, வேலியிலோ வீசாதீர்கள். அங்கே போட்டால் வயலுக்கு நீங்களே கொண்டு போய்ச் சேர்த்த கணக்கு.

மூன்றாவது, தொட்டியை வாசலுக்குக் கொண்டு வந்து தண்ணீரால் பீய்ச்சி அடியுங்கள். குழாயில் ஹோஸ் போட்டு விரலால் வாயை அடைத்தால் போதும், நல்ல வேகம் வரும். இலையின் அடிப்பக்கமும் இடுக்கும் நனைய வேண்டும். தொட்டி மண் கரைந்து போகாமல் இருக்க மேலே ஒரு பழந்துணியைச் சுற்றிக் கட்டிக் கொள்ளுங்கள். தண்ணீர் அடித்த பிறகும் ஒட்டிக் கொண்டிருப்பதை ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். மணிபிளாண்ட் போன்ற அகல இலைச் செடிக்குத் துடைப்பதே போதும். பூச்சி கொஞ்சமாக இருந்தால், மருந்துக் கடையில் கிடைக்கிற ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு ஒவ்வொரு பூச்சியின் மேலும் வைக்கலாம். மெழுகு கரைந்து பூச்சி சாகும். முதலில் ஒரு இலையில் வைத்து ஒரு நாள் பாருங்கள், இலை கருகாவிட்டால் மற்றதற்கு வையுங்கள். ஸ்பிரிட் தீப்பிடிக்கும் பொருள், அடுப்புப் பக்கம் வேண்டாம்.

நான்காவது, சோப்புக் கரைசல். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் காதி பார் சோப்பைச் சீவி, முதலில் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, பிறகு மீதித் தண்ணீரைச் சேர்த்து ஆற விடுங்கள். சலவைத் தூள் வேண்டாம், அதில் உள்ள காரம் கொழுந்தைக் கருக்கி விடும். சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு, கையால் அழுத்துகிற சின்னத் தெளிப்பானில் ஊற்றி இலையின் அடிப்பக்கம் சொட்டச் சொட்ட நனையுங்கள். மறுநாள் காலையில் நல்ல தண்ணீரால் இலையைக் கழுவி விடுங்கள். சோப்பு, பூச்சியின் மேல் பட்டால்தான் வேலை செய்யும். இலையில் காய்ந்த பிறகு அதற்குச் சக்தி கிடையாது. ஆகவே மறைவில் இருப்பதன் மேலும் படுகிற மாதிரி தெளிப்பது முக்கியம்.

ஐந்தாவது, சோப்புக்கு அடங்கவில்லை என்றால் வேப்ப எண்ணெய். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய், அது தண்ணீரோடு கலப்பதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல். நன்றாகக் குலுக்கிக் கொண்டே தெளிக்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். வேப்பங்கொட்டை வைத்திருப்பவர்கள் காசு செலவில்லாமல் செய்யலாம். 50 கிராம் பருப்பை இடித்துத் துணியில் முடிந்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊற வைத்து, காலையில் பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் சோப்புச் சேர்த்து, அன்று சாயங்காலமே தெளித்து விடுங்கள். வயலுக்கு நாம் சொல்கிற ஐந்து சதவீதக் கரைசல்தான் இது, அளவுதான் சிறியது. கொட்டை எட்டு மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால் வீரியம் குறைந்து விடும்.

ஆறாவது, இதுதான் பலர் விட்டு விடுவது. சோப்போ வேப்ப எண்ணெயோ எதுவானாலும் ஏழு நாளைக்கு ஒரு முறை, குறைந்தது மூன்று முறை செய்யுங்கள். முன்னே சொன்னேனே, முட்டை பைக்குள் பிழைத்திருக்கும், ஏறக்குறைய பத்து நாளில் பொரிக்கும் என்று. முதல் முறை பெரிய பூச்சி போகும். இரண்டாவது, மூன்றாவது முறை, பொரித்து வந்த குஞ்சுகள் மெழுகு கட்டுவதற்கு முன்னாலேயே போகும். குஞ்சுக்கு மெழுகு குறைவு, அதனால் சுலபமாகச் சாகும். ஒரு முறை செய்து நிறுத்தினால் செய்யாததற்குச் சமம்.

எறும்பை மறக்காதீர்கள்

தொட்டியில் எறும்பு சாரை சாரையாக ஏறி இறங்கினால், மேலே சாறு உறிஞ்சும் பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். மாவுப்பூச்சி உறிஞ்சிய சாற்றில் மிச்சமான சர்க்கரையைத் தேன் போலக் கழிக்கிறது. அதற்குத்தான் எறும்பு வருகிறது. நாம் மாட்டைக் கட்டிப் பால் கறப்பது போல, எறும்பு மாவுப்பூச்சியை வைத்துத் தேன் எடுக்கிறது. வருமானம் கொடுக்கிற மாட்டை யாராவது விடுவார்களா? பொறிவண்டு வந்தால் எறும்பு கடித்து விரட்டும். எறும்பை நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது.

அந்தக் காலத்தில் சமையலறை அலமாரிக் காலுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைப்பார்கள், நினைவிருக்கும். அதே முறைதான். தொட்டியை ஒரு கல்லின் மேல் வைத்து, கல்லைத் தண்ணீர்த் தட்டுக்குள் வையுங்கள். செடி சுவரிலோ கம்பியிலோ தொட்டுக் கொண்டிருக்கக் கூடாது, எறும்பு அந்த வழியாக வரும். ஒரு எச்சரிக்கை: அந்தத் தண்ணீரில் டெங்கு கொசு முட்டை இடும். வாரத்தில் இரண்டு முறை தண்ணீரைக் கொட்டி, தட்டின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவி, புதிதாக ஊற்றுங்கள். கொஞ்சம் சோப்புத் தண்ணீராகவே ஊற்றினால் இன்னும் நல்லது.

அந்தத் தேன் கழிவு இலைமேல் விழுந்து, அதில் கரும்பூசணம் வளர்ந்து, இலை அடுப்புக் கரி பூசினது போல ஆகும். அதற்குத் தனி மருந்து தேவையில்லை. பூச்சியை ஒழித்து, இலையைக் கழுவினால் போய்விடும்.

நண்பனைக் கொல்லாதீர்கள்

மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவில், அதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாக, உடம்பெல்லாம் நீள நீளமாக வெள்ளைத் திரி தொங்க, விறுவிறு என்று நடக்கிற ஒரு புழு இருக்கும். "இதுதான் தாய்ப் பூச்சி" என்று முதலில் அதைத்தான் நசுக்குவார்கள். அது மாவுப்பூச்சி இல்லை. மாவுப்பூச்சியைத் தின்கிற கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சி மாதிரியே வேஷம் போட்டிருக்கிறது. மாவுப்பூச்சி மெதுவாக அசையும், இது வேகமாக ஓடும். அந்த வித்தியாசம் போதும். வளர்ந்த வண்டு சின்னதாகக் கறுப்பாக, தலைப்பக்கமும் பின்பக்கமும் செம்மஞ்சளாக இருக்கும். இது ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. காப்பித் தோட்டத்துச் செதில் பூச்சிக்காக 1898-லேயே தென்னிந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள்.

இன்னொரு நண்பன் ஒரு பட்டாம்பூச்சி. ஸ்பால்ஜிஸ் என்று பெயர். பட்டாம்பூச்சிப் புழு என்றால் இலை தின்னும் என்றுதான் நமக்குத் தெரியும். இதன் புழு மாவுப்பூச்சியைத் தின்னும். அட்டை மாதிரித் தட்டையாக, மேலே மாவைப் பூசிக் கொண்டு கிடக்கும். அதன் கூட்டுப்புழுவை உற்றுப் பார்த்தால் குட்டிக் குரங்கின் முகம் போலவே தெரியும். குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், ஒருமுறை பார்த்தால் மறக்க மாட்டார்கள்.

இந்த இரண்டில் ஒன்று தெரிந்தால் அந்தச் செடிக்குச் சோப்பும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். வெளியே வைத்து, எறும்பை மட்டும் நிறுத்துங்கள். மீதியை அது பார்த்துக் கொள்ளும்.

வயல் மருந்து ஏன் கூடாது?

போகிற இடத்தில் எல்லாம் தாய்மார்கள் கேட்கிற கேள்வி இது: "ஏனுங்க சார், பருத்திக்கு அடிச்ச மருந்து பாட்டில்ல கொஞ்சம் மிச்சம் இருக்குதுங்க. ஒரு மூடி ஊத்திக் கலந்து செம்பருத்திக்கு அடிச்சா ஆகாதுங்களா?" நான் சொல்கிற பதில்: "ஆகவே ஆகாதுங்க அம்மா."

ஏன் என்றால், அந்த மருந்துக்கு எழுதியிருக்கிற அளவு ஒரு ஏக்கருக்கு, திறந்த வெளிக்கு. அதை நாலு சுவருக்குள் அடித்தால் ஆவி எங்கே போகும்? பாயில், துணியில், சோற்றுப் பானையில், தொட்டிலில் படியும். தவழ்கிற குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். கோழி தொட்டியைக் கிளறிக் கொத்தும். வயலில் தெளித்தால் பல நாள் பொறுத்துத்தான் அறுவடை என்கிறோம். திண்ணைத் துளசியையும் கற்பூரவள்ளியையும் சளிக்கு என்று அன்றே கிள்ளிக் குழந்தைக்குக் கொடுக்கிறோம். கறிவேப்பிலையைக் கேட்கவே வேண்டாம், தினமும் தாளிக்கிறோம்.

குருணை மருந்தைத் தொட்டி மண்ணில் போடுவது அதைவிட மோசம். அது வேர் வழியாக ஏறி இலை முழுவதும் விஷமாகும். கழுவினாலும் போகாது. அப்படிப் பலர் போட்டு வந்த போரேட் குருணையும், வீட்டிலும் மாட்டுக் கொட்டகையிலும் தெளித்து வந்த டைகுளோர்வாஸ் திரவமும், 2018-ல் வந்த மத்திய அரசு ஆணைப்படி 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டவை. பழைய டப்பா பரணில் இருந்தால் எடுத்துப் பயன்படுத்தாதீர்கள். சாக்கடையிலும் கொட்டாதீர்கள். என்ன செய்வது என்று வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். வயலுக்கு மருந்து அடிக்கிற தெளிப்பானை வீட்டுச் செடிக்கு எடுக்காதீர்கள். நீங்கள் நல்ல தண்ணீர்தான் ஊற்றினாலும் உள்ளே பழைய மருந்து இருக்கும். வீட்டுச் செடிக்குத் தனியாக ஒரு சின்னத் தெளிப்பான் வையுங்கள். அடுத்தது, மருந்து வந்த டப்பாவைக் கழுவிச் செடி வைக்கிற வழக்கம் இருக்கிறது. அது வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் அது விஷ டப்பாதான். தவறி யார் மேலாவது மருந்து பட்டால், உடனே துணியை மாற்றி, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, அந்த மருந்தின் பாட்டிலையும் சீட்டையும் கையோடு எடுத்துக் கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மற்றப் பூச்சிகள்

செதில் பூச்சி: தண்டில் பழுப்பு நிறத்தில் சிறு மறு மாதிரி ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் கழன்று வரும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் தொட்டுத் தேய்த்து எடுங்கள்.

அசுவினி: ரோஜா மொட்டிலும் கொழுந்திலும் பச்சையாகவோ கறுப்பாகவோ கூட்டமாக மொய்க்கும். தண்ணீர் பீய்ச்சினாலே விழுந்து விடும். இரண்டு மூன்று நாள் விடாமல் செய்யுங்கள்.

சிவப்புச் சிலந்தி: கோடையில், காற்று வறண்டிருக்கும்போது வரும். இலையின் மேல் ஊசி குத்தினது போல வெளிர்ப் புள்ளிகள், அடியில் மெல்லிய நூலாம்படை. இதற்கு ஈரம் ஆகாது. இலையின் அடிப்பக்கத்தைத் தினமும் நனைத்துக் கழுவினால் அடங்கும்.

துளசிப் பூச்சி: இலை சுருண்டு, வெளிறி, அடியில் கறுப்புப் புள்ளியாக எச்சம் தெரிந்தால் கண்ணாடி இறக்கைப் பூச்சி என்று அறியலாம். கெட்ட நுனிகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, தண்ணீரால் கழுவுங்கள். துளசி கிள்ளக் கிள்ளத் தழைக்கிற செடிதான்.

கறிவேப்பிலைப் புழு: முதலில் பறவை எச்சம் மாதிரியும், வளர்ந்த பிறகு பச்சையாகவும் இருக்கும். கையால் எடுத்துப் போட்டால் போதும்.

வேர் மாவுப்பூச்சி: மேலே ஒன்றும் தெரியாது, ஆனால் செடி நாளுக்கு நாள் வாடும். தொட்டியைக் கவிழ்த்தால் வேரில் வெள்ளைத் தூள் தெரியும். பழைய மண்ணை உதறி, வேரைக் கழுவி, வெயிலில் காயப் போட்ட புது மண்ணில் மாற்றி வையுங்கள். தொட்டியையும் கழுவி வெயிலில் காய வையுங்கள்.

வராமல் தடுக்க

நர்சரியிலோ சந்தையிலோ புதிதாக வாங்கி வந்த செடியை நேராக மற்றச் செடிகளோடு வைக்காதீர்கள். மூன்று வாரம் தனியாக வைத்துப் பாருங்கள். முட்டை இருந்தால் அதற்குள் பொரித்துத் தெரிந்து விடும். உறவினர் வீட்டிலிருந்து பதியன் குச்சி கொண்டு வந்தாலும் இதே முறைதான்.

யூரியாவை வயலுக்குப் போடுகிற ஞாபகத்தில் தொட்டிக்கு அள்ளிப் போடாதீர்கள். கொழுகொழு என்று கொழுந்து வரும், சாறு உறிஞ்சுகிற பூச்சிக்கு அதுதான் விருந்து. மக்கிய தொழு உரம் ஒரு பிடி போதும். வாரம் ஒரு முறை தொட்டியை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து, இலையைத் திருப்பிப் பார்த்து, தண்ணீர் தெளித்துக் கழுவுங்கள். மழை பெய்தால் தொட்டிகளை வெளியே எடுத்து நனைய விடுங்கள். பூச்சி பிடித்த செடியைத் தொட்ட கையோடும் அதே சேலை வேட்டியோடும் மல்பெரிக்கோ பப்பாளிக்கோ போகாதீர்கள், கை கழுவி, துணி மாற்றிக் கொண்டு போங்கள். வீட்டைச் சுற்றி, வேலி ஓரம், பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்பே பிடுங்கி விடுங்கள்.

இத்தனை செய்தும் அடங்காத செடி ஒன்றிரண்டு இருக்கலாம். அடுத்த வீட்டுக்கும் வயலுக்கும் வினை வைக்காமல் அதை எடுத்து அழித்துவிட்டு வேறு ஒன்று வையுங்கள். முப்பது ரூபாய்க் குரோட்டன்ஸுக்காக ஒரு ஏக்கர் மல்பெரியை யாரும் பணயம் வைக்க மாட்டார்கள். புதுவிதமான பூச்சியாகத் தெரிந்தால், ஒரு இலையை வாய் கட்டிய பையில் போட்டு உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குக் கொண்டு வந்து காட்டுங்கள். 2008-ல் வந்தது மாதிரி வெளிநாட்டுப் பூச்சி இன்னொன்று வருமானால், அதை முதலில் பார்க்கப் போவது உங்கள் கண்தான்.

ஆகவே தாய்மார்களே, பெரியோர்களே, தொட்டிச் செடிக்குத் தண்ணீர், சோப்பு, வேம்பு, வாரா வாரம் நம் கை. இந்த நான்கும் போதும். வயல் மருந்து வயலோடு நிற்கட்டும், அதுவும் தேவைப்பட்டால் மட்டும். இந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள எல்லாத் தொட்டிகளையும் வாசலில் வரிசையாக வைத்து, இலைகளைத் திருப்பிப் பாருங்கள்.